பொள்ளாச்சிச் சாமான், கொழிஞ்சாம்பாறை அடுப்பு

2020 பொங்கல் முடிந்த கையோடு கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. பாலக்காட்டிலேயே வீடு பார்த்திருக்கலாம். வாடகையையும் பாஷையையும் யோசித்துக் கிழக்கே தள்ளி வந்துவிட்டோம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் இந்த ஓரம் முழுக்கத் தமிழ் காதில் விழும். தமிழ் மீடியம் பள்ளிக்கூடம்கூட உண்டு. தென்காசிக்காரியான எனக்கு அந்தக் கொங்குத் தமிழே முதலில் பாதிதான் புரிந்தது, அது வேறு கதை.

வந்த புதிதில் நாங்கள் கேரளாவில் தூங்கினோம், தமிழ்நாட்டில் சாப்பிட்டோம். பொன்னி அரிசி, உளுந்து, கடலை எண்ணெய், இட்லிப் பொடிக்கு மிளகாய், பையனின் நோட்டுப் புத்தகம், என் தைராய்டு மாத்திரை எல்லாமே பொள்ளாச்சியில்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் முக்கால் மணி, ஒரு மணி நேரம். கோபாலபுரம் செக்போஸ்டில் லாரிகளைத்தான் நிறுத்துவார்கள். பஸ்ஸில் இருக்கிறவர்கள் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். வெளிநாடு போன சித்தி மகள் போனில் விசா, பர்மிட் என்று புலம்பும்போது, நல்லவேளை நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஜனவரி 30 அன்று நாட்டின் முதல் கொரோனா நோயாளி திருச்சூரில் என்று செய்தி வந்தது. வூஹானில் படித்துவிட்டுத் திரும்பிய மாணவி. திருச்சூர் எங்களுக்கு அடுத்த மாவட்டம். தென்காசியிலிருந்து ஆளாளுக்குப் போன். "அங்க வந்திருச்சாமே, பிள்ளைய கூட்டிட்டு இங்க வந்துரு" என்று அம்மா அழாத குறை. அந்தப் பெண்ணும், பின்னால் ஆலப்புழையிலும் காசர்கோட்டிலும் கண்டுபிடிக்கப்பட்டவர்களும் குணமாகி வீட்டுக்குப் போனார்கள். பிப்ரவரி மாதம் அமைதியாகவே கழிந்தது. எல்லோரும் மறந்தும் போனோம்.

மார்ச்சில்தான் முதல் தட்டுப்பாடு. சாப்பாட்டுச் சாமானில் இல்லை, மாஸ்க்கிலும் சானிடைசரிலும். மூன்றடுக்கு மாஸ்க் 10 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது, 200 மில்லி சானிடைசர் 100 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு விலை கட்டியது. விலை கட்டி என்ன, கடையில் சரக்கு இருந்தால்தானே. என் பழைய காட்டன் சேலை ஒன்றைக் கிழித்து நானே தைத்தேன். கொஞ்ச நாளில் குடும்பஸ்ரீ என்ற கேரளத்து மகளிர் குழுப் பெண்கள் தைத்த துணி மாஸ்க் கடைகளில் தொங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்புத் துண்டு, 'பிரேக் தி செயின்' என்று ஒரு அட்டை. கை கழுவாமல் உள்ளே கால் வைத்தால் கடைக்காரர் பார்க்கிற பார்வையே போதும்.

மார்ச் 23 மாலை கேரளா முழுக்க ஊரடங்கு என்று அறிவித்தார்கள். மறுநாள் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து தமிழ்நாட்டில் 144. அன்று இரவே பிரதமர் தொலைக்காட்சியில் வந்து நாட்டையே மூடினார். அந்த ஞாயிறு மக்கள் ஊரடங்கு என்பதால் நாங்கள் பொள்ளாச்சி போயிருக்கவில்லை. டின்னில் அரிசி அடியைத் தொட்டிருந்தது. உளுந்து ஒரு தடவை ஆட்டப் போதும். மாத்திரை அட்டையில் இரண்டு வரிசை பாக்கி.

எல்லை என்ற ஒன்று இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. பிரதான சாலைகளில் போலீஸ், தோப்புகளுக்கு நடுவே போகும் ஊடுவழிகளில் தடுப்பு. வீடு இந்தப் பக்கம், தோட்டம் அந்தப் பக்கம் என்று இருந்தவர்களுக்குத்தான் பெரிய பாடு. தினமும் நடந்து போய்த் தண்ணீர் பாய்ச்சிய மனுஷன், கையில் சத்தியவாங்மூலம் என்கிற உறுதிமொழி எழுதிய காகிதத்தோடு போலீஸ்காரர் முன்னால் நின்றார். சரக்கு லாரிகளை விட்டார்கள். ஆனால் லாரி கொண்டு வருவது பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் வேண்டியதை. எங்கள் பொன்னியையும் உளுந்தையும் யார் கொண்டு வருவது?

இந்த ஊரில் அப்போது நடந்ததை நினைத்தால் இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறது எல்லாம் பற்றாக்குறை, வெளியே போக வேண்டியது எல்லாம் வழிந்தது. கேரளாவின் கள்ளுக்கடைகளுக்குப் பெரும்பகுதி கள் போவது சித்தூர்த் தோப்புகளிலிருந்து. கடை மூடியதும் மரம் ஏறுகிற வேலையே நின்றுவிட்டது. தெற்கே முதலமடை மாம்பழம், நாட்டிலேயே முதலில் சந்தைக்கு வருகிற பழம் என்று பெயர். டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் பெட்டி பெட்டியாகப் போக வேண்டிய சீசனில் அது ஆட்டோவில் எங்கள் தெருவுக்கு வந்தது. உளுந்து இல்லாத வீட்டில் பங்கனபள்ளி கூடை கூடையாக இருந்தது.

பால் கதை இன்னும் மோசம். சித்தூர் வட்டாரத்தில் மாடில்லாத வீடு குறைவு. ஹோட்டல், டீக்கடை எல்லாம் மூடியதும் பால் தேங்கியது. மிச்சப் பாலைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பிப் பவுடராக்குவதுதான் கேரளாவின் கூட்டுறவுப் பால் நிறுவனமான மில்மாவின் வழக்கம். அதுவும் நின்றது. ஏப்ரல் 1 அன்று மலபார்ப் பகுதி மில்மா பாலே எடுக்கவில்லை. அன்று காலையில் பக்கத்து வீட்டு அக்கா பெரிய தூக்குப்போசி நிறையப் பாலோடு வந்து வாசலில் நின்றார். "ஏனுங் அம்மிணி, சொசைட்டில வேண்டாம்னுட்டாங்க. கீழ ஊத்த மனசு வரல, புடிங்க" என்றார். காசு நீட்டினேன். "பாலுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவு பாலை நான் என் கல்யாண வீட்டில்கூடக் காய்ச்சியதில்லை. உறை ஊற்றியது போக மீதியை அடிகனமான பாத்திரத்தில் வைத்து, சர்க்கரை போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தேன். மதியம் தாண்டித்தான் திரண்டது. சர்க்கரை அத்தோடு தீர்ந்தது. அதே போசியில் திரட்டுப்பாலை வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். இங்கேயும் அப்படித்தான் என்பது அன்றைக்குத் தெரிந்தது. முதலமைச்சர் மட்டத்தில் பேசி, ஈரோட்டில் கொஞ்சம் பாலை எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு சம்மதித்தது. அதற்குள் தெருவில் எல்லோருக்கும் திரட்டுப்பால் திகட்டிவிட்டது.

அரிசிக்கு வருகிறேன். கேரள அரசு எல்லா ரேஷன் அட்டைக்கும் இலவச அரிசி கொடுத்தது. முன்னுரிமை இல்லாத அட்டைக்கும் குறைந்தது 15 கிலோ. கூட்டம் சேராமல் இருக்க, அட்டை எண்ணின் கடைசி இலக்கம் பார்த்து நாள் ஒதுக்கினார்கள். ஏப்ரல் 1 அன்று 0, 1. மறுநாள் 2, 3. அப்படியே வரிசையாக. அட்டையே இல்லாதவர்கள் ஆதாரைக் காட்டி எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் உண்டு என்றார்கள். ஆனால் பெயர் வேறு எந்த அட்டையிலும் இருக்கக்கூடாது. எங்கள் பெயர் தென்காசியில் மாமியார் வீட்டு அட்டையில் பத்திரமாக இருந்தது. அந்த அட்டைக்குத் தமிழ்நாடு அரசு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தது. மாமியார் வாங்கி வைத்துக்கொண்டு, "உங்க பங்கு இருக்கு, எப்ப வாறீக?" என்று போனில் கேட்டார். எப்படிச் சிரிக்காமல் இருப்பது? ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்ததே அந்த அக்டோபரில்தான்.

சரி, மட்டை அரிசி சாப்பிடக் கற்றுக்கொண்டோம். முனைக் கடைக்காரர் கடனாகக் கொடுத்தார். பொன்னிக்கு வைக்கிற தண்ணீரை வைத்துவிட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தால் அரிசி அரிசியாகவே இருந்தது. முதலில் பையன் அந்தச் சிவப்புப் பருக்கைகளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைத்தான். அப்புறம் பக்கத்து வீட்டு மோர்க்குழம்போடு அவனே இரண்டாவது தடவை கேட்டான். காலை இட்லிக்குப் பதில் கப்பக்கிழங்கு என்கிற மரவள்ளியும் பச்சை மிளகாய்ச் சம்மந்தித் துவையலும். பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து சமூக அடுக்களை திறந்து 20 ரூபாய்க்குப் பொதிச்சோறு கொடுத்தார்கள். கையில் காசில்லாதவர்களுக்கு இலவசம். நான் சமைக்க முடியாமல் படுத்த சமயத்தில் எங்கள் வீட்டுக்கும் அந்தப் பொதிதான் வந்தது. சாம்பார் இங்கே தேங்காய் அரைத்த வேறு சாமான், ஆனால் பழகிவிடும்.

மாத்திரைதான் பயமுறுத்தியது. நான் சாப்பிடும் கம்பெனி மாத்திரை இங்குள்ள மருந்துக் கடையில் இல்லை. அவசர மருந்துகளைத் தீயணைப்புத் துறைக்காரர்கள் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். எனக்கு அதுவரை போகவில்லை. மருந்துக் கடைப் பெண் பழைய அட்டையை வாங்கிப் பார்த்து, டாக்டரிடம் போனில் கேட்டு, அதே அளவில் வேறு கம்பெனியுடையதை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவே டிவி முன்னால். அப்போது கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயனின் பேட்டியில் அன்றைய கணக்கு வரும். எந்த மாவட்டத்தில் எத்தனை பேர், எத்தனை பேர் குணம். என் மலையாளம் முழுக்க அவரிடம் கற்றதுதான். ரோகிகள், நிரீட்சணம் (கண்காணிப்பு), சம்பர்க்கம் (தொடர்பு) எல்லாம் சரளம், ஆனால் கத்திரிக்காய் வாங்கத் திணறுவேன். கர்நாடகா காசர்கோட்டுப் பக்கம் சாலையில் மண்ணைக் கொட்டி மூடியிருந்த சமயம் அது. கேரளாவும் தமிழ்நாட்டுப் பக்கத்துச் சாலைகளை அப்படி மூடப் போகிறது என்று வாட்ஸப்பில் ஒரு புரளி. எங்கள் தெருவில் அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பேட்டியில் முதல்வர் அப்படி எண்ணமே இல்லை என்று மறுத்தார். அதற்கு நன்றி சொல்லி எடப்பாடி பழனிசாமி ட்விட்டரில் எழுதினார். பக்கத்து வீட்டு அக்காவின் மாமனார் இரண்டையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் சொல்லிட்டாங்கல்ல, நாளைக்குத் தோட்டத்துக்குப் போலாமா?" என்றார். போலீஸ் விடவில்லை.

மே மாதம் பாஸ் முறை வந்ததும் அம்மா கிளம்பி வருகிறேன் என்றார். இரண்டு மாநிலப் பாஸும் வேண்டும், வந்தால் தனிமையில் இருக்க வேண்டும், வாளையார் செக்போஸ்டில் பாஸ் இல்லாமல் வந்தவர்கள் வெயிலில் காத்துக் கிடந்ததை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

இரண்டு மாநிலத்துக்கும் நடுவே அரசு பஸ் பழையபடி ஓட ஆரம்பித்தது 2021 டிசம்பர் 1 அன்று. அதற்குள் தென்காசி அட்டையில் பெயர் நீக்கி, சித்தூர் தாலுகா சப்ளை ஆபீஸில் எழுதிக் கொடுத்து, வெள்ளை அட்டை ஒன்று வாங்கியிருந்தோம். மாமியாருக்கு அதில் இன்னும் வருத்தம். பொள்ளாச்சிக்கு இப்போதும் போகிறோம், மாதத்துக்கு ஒரு தடவை. பொன்னி வாங்குவதில்லை, பையன் மட்டைதான் கேட்கிறான். உளுந்து மட்டும் அங்கேதான். இங்கே கிடைக்கும் உளுந்தில் எனக்கு மாவு பொங்குவதே இல்லை.