பாட்லக்குக்குக் கூட்டாஞ்சோறு

எங்கள் தமிழ்ப்பள்ளி விழாவில் பாட்லக், அதாவது ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் விருந்து என்றால், யார் என்ன கொண்டு வருகிறார்கள் என்று எழுத ஒரு கூகுள் ஷீட் வாட்ஸ்அப்பில் வரும். வந்த அன்று சாயங்காலத்துக்குள் இனிப்பு வரிசை நிரம்பிவிடும். அப்புறம் வடை, சமோசா, ஜூஸ், பேப்பர் தட்டு. கடைசிவரை காலியாகக் கிடப்பது 'மெயின் டிஷ், குழந்தைகளுக்கு' என்ற வரிசைதான். அதில் என் பெயரை எழுதிவிடுவது என் வழக்கம்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி. என் மனைவி நர்ஸ், சனி ஞாயிறில் அவளுக்குப் பெரும்பாலும் டியூட்டி இருக்கும். அதனால் வார இறுதிச் சமையல் என்னுடையது, பாட்லக்கும் என்னுடையது.

அந்த வரிசை ஏன் காலியாகவே கிடக்கிறது என்றால், பெரியவர்களுக்குச் சமைத்துப் பாராட்டு வாங்குவது சுலபம். பிரியாணிக்கும் பரோட்டா சால்னாவுக்கும் வரிசை தானாக நிற்கும். பிள்ளைகள் அந்த வரிசையில் நின்று காரம் தாங்காமல் தட்டை வைத்துவிட்டு, சிப்ஸும் கேக்கும் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். காலை ஒன்பது மணிக்கு ஒத்திகைக்கு வந்து, திருக்குறள் சொல்லி, ஆடிப் பாடி, மத்தியானம் ஒரு மணி வரை வெறும் வயிற்றோடு இருந்த பிள்ளைகள் அவர்கள். அந்த மேசையில் முதலில் நிற்க வேண்டியது அவர்களுக்கான சாப்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன்.

எந்தச் சாப்பாடு என்பதுதான் கேள்வி. விழா நடப்பது வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட கேஃபடீரியாவில். சமையலறைப் பக்கம் பூட்டியிருக்கும், சுவரில் பிளக் மட்டும் உண்டு. காலையில் எட்டரைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் பாதி வேலை முந்தின ராத்திரியே முடிந்திருக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளையும் சாப்பிட வேண்டும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் சாப்பிட வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய நிமிடம் ருசியாக இருப்பது பெரிய விஷயம் இல்லை. நாலு மணி நேரம் கழித்து எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் பாட்லக் சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் பல நல்ல சாப்பாடுகள் அடிபட்டுப் போகும். வெஜிடபிள் பிரியாணியில் ஒரு கிராம்பைக் கடித்த பிள்ளை அதற்குமேல் அந்தத் தட்டைத் தொடாது. நூடுல்ஸும் பாஸ்தாவும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். எலுமிச்சைச் சாதம் ஆற ஆற விறைக்கும். வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகிக்கொள்கிறது, ஃபிரிட்ஜின் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும். சூடாக்கினால் இளகும், ஆனால் உதிரியாகக் கிளறிய சாதத்தை ட்ரேயில் வைத்து அங்கே எப்படிச் சூடாக்குவது? மிச்சம் இருப்பது புளியோதரை. பயணத்துக்கு அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது. ஆனால் அதன் உயிரே மிளகாய் வத்தலும் நிலக்கடலையும் நல்லெண்ணெயும்தான். அந்த மூன்றுமே இந்தக் கூட்டத்தில் சிக்கல்.

இங்கே பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர்கள் ஒவ்வாமையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் ஒன்பது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள். எள் இந்தப் பட்டியலில் சேர்ந்தது 2023 ஜனவரி 1 முதல்தான். நமக்கு எள் என்றால் எள்ளுருண்டை மட்டுமா? நல்லெண்ணெய் எள். இட்லிப் பொடியில் வறுத்துப் போடுகிறோம். அதனால்தான் பொடி இட்லியையும் விட்டேன், அது எனக்கு மிகவும் பிடித்த பயணச் சாப்பாடாக இருந்தும்.

பெருங்காயம் இன்னொன்று. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படித்தால் தெரியும். என் மகள் வகுப்பில் கோதுமை ஆகாத பிள்ளை ஒன்று உண்டு. அரிசிச் சோறுதானே, கோதுமை எங்கே இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது தாளிப்பில் ஒரு சிட்டிகையாக அது உள்ளே போயிருக்கும்.

இத்தனையும் யோசித்து நான் வந்து நின்ற இடம் எங்கள் திருநெல்வேலிக் கூட்டாஞ்சோறு. அரிசி, துவரம் பருப்பு, கையில் கிடைக்கும் நாட்டுக் காய்கள், மாங்காய், முருங்கைக்கீரை, இவற்றோடு தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்துவிட்ட ஒரே பானைச் சோறு. நிலக்கடலை இல்லை, முந்திரி இல்லை, பால் இல்லை. தேங்காயெண்ணெயில் தாளித்தால் எள்ளும் இல்லை. சீரகமும் வெங்காயமும் கொடுக்கிற மணத்தில் பெருங்காயத்தை யாரும் தேட மாட்டார்கள். கிராம்பு, பட்டை எதுவும் இதற்குப் பக்கத்தில்கூட வராது. தேங்காயை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2025 தொடக்கத்தில் அதை மரக்கொட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்றாலும், தேங்காயே ஆகாத பிள்ளைகள் அபூர்வமாக உண்டு. வகுப்புக் குழுவில் ஒரு வரி போட்டுக் கேட்பதற்கு அரை நிமிடம் ஆகும்.

ஊரில் இது பிள்ளைகளே ஆக்கிய சோறும்கூட. பரீட்சை லீவில் ஒரு வீட்டிலிருந்து அரிசி, ஒரு வீட்டிலிருந்து பருப்பு, ஒருத்தன் மடியில் ரெண்டு கத்தரிக்காய் என்று சேர்த்து, மூணு கல்லை வைத்து, பெரிய அக்கா யாராவது மேற்பார்வை பார்க்க ஆக்கித் தின்போம். பாதி வெந்தும் வேகாமலும் இருக்கும். ஒரு பருக்கை மிஞ்சாது.

பள்ளிக்கு என்று முதலில் ஆக்க நினைத்தபோது அம்மாவுக்குப் போன் போட்டேன். "சின்னப் பிள்ளைகளுக்குன்னா வத்தலைக் குறைச்சிட்டு சீரகத்தையும் தேங்காயையும் கூட வைய்யா. உறைப்பு இல்லைன்னா சப்புன்னு இருக்கும்னு நினைக்காதே, மாங்காய் போட்டா வாய் தானா கேக்கும்" என்றாள். இந்தச் சமையலில் நான் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். காரத்தை எடுத்த இடத்தில் புளிப்பையும் தேங்காயின் இனிப்பையும் வைக்க வேண்டும். வெறுமனே காரத்தை மட்டும் குறைத்தால் அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு.

என் மெதுகுக்கர், அதாவது ஸ்லோ குக்கர், ஆறு குவார்ட் பாத்திரம். அதற்கு இரண்டரை கப் சோனா மசூரி, ஒன்றேகால் கப் துவரம் பருப்பு. பாட்லக்கில் எல்லாரும் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுப்பார்கள் என்பதால் முப்பது பிள்ளைகளுக்கு இது தாராளமாக வரும். காய் நறுக்கினது ஐந்து கப்: உருளைக்கிழங்கு, கேரட், வாழைக்காய், அவரைக்காய், மஞ்சள் பூசணி, கொஞ்சம் கத்தரிக்காய். எல்லாம் கட்டைவிரல் நகம் அளவுக்கு. ஊரில் போடும் முருங்கைக்காயை இதில் போடுவதில்லை. நாலு வயதுப் பிள்ளைக்குச் சக்கையைத் துப்பத் தெரியாது. முருங்கைக்கீரை உண்டு. இந்தியக் கடையில் கிடைக்காத வாரம் பிலிப்பைன்ஸ்காரர்கள் வாங்கும் கடைக்குப் போனால் 'மலுங்கை' என்ற பெயரில் ஃபிரீசரில் இருக்கும், அதே கீரைதான். பொடியாக நறுக்கிவிட்டால் பிள்ளைகள் அதைத் தனியாகப் பொறுக்கி வைக்க முடியாது.

முந்தின ராத்திரி மூன்று வேலை. பருப்பை மஞ்சள்தூள் போட்டுக் குழைய வேகவைக்க வேண்டும். காய்களை உப்பு, சின்ன எலுமிச்சையளவு புளியைக் கரைத்த தண்ணீர், அரை மாங்காய்த் துண்டுகளோடு முக்கால் வேக்காட்டில் இறக்க வேண்டும். புளியும் பருப்பும் ராத்திரியில் சேரக் கூடாது, புளிப்பில் பருப்பு வேகாமல் முரண்டு பிடிக்கும். மூன்றாவது அரைப்பு: ஒன்றரை கப் தேங்காய்த் துருவல், இரண்டு டீஸ்பூன் சீரகம், பத்துச் சின்ன வெங்காயம், நிறத்துக்கு நாலு காஷ்மீரி வத்தல். நிறைய தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைப்பேன். மகள் பக்கத்தில் நின்றால் ஒரு விரலில் தொட்டுக் கொடுப்பேன். "அப்பா, இது ஓகே" என்றால் அந்த வத்தல் அளவு சரி.

பருப்பையும் காயையும் அகலமான, ஆழம் இல்லாத டப்பாக்களில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஆழமான குண்டானில் வைத்தால் நடுவில் ஆறவே மணிக்கணக்காகும்.

அரிசியை மட்டும் காலையில்தான் வைக்கிறேன். விறைத்துப் போவது ஒரு காரணம். இன்னொரு காரணம் முக்கியம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் இருக்கலாம், அவை சோறு வெந்தாலும் சாவதில்லை. வெளியில் நேரம் கழித்து ஆறுகிற சோற்றில் அவை முளைத்துப் பெருகி, வாந்தியைக் கொண்டுவரும் நஞ்சைச் சேர்க்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வீட்டுக்கு மட்டும் என்றால் பழைய சோறு என் உயிர். ஊரார் பிள்ளைகளுக்கு என்னும்போது கை நடுங்கும்.

காலையில் ஆறரைக்கு அரிசியையும் வெந்த பருப்பையும் அரிசிக்கு நாலு மடங்கு தண்ணீரோடு இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சார பிரஷர் குக்கரில் குழைய வைப்பேன். பெரிய அடிகனமான பாத்திரத்தில் காயும் அரைப்பும் கொதித்துப் பச்சை வாசனை போனதும் சோறு அதில் இறங்கும். கீரை கடைசி ஐந்து நிமிடம். தேங்காயெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, மணம் எண்ணெயில் இறங்கியதும் கறிவேப்பிலையை எடுத்துவிடுவேன்.

அப்போது சோறு எப்படி இருக்க வேண்டும்? பாயசம் மாதிரி கரண்டியிலிருந்து வழிய வேண்டும். பார்க்கிறவர்கள் 'தண்ணியா இருக்கே' என்பார்கள், பரவாயில்லை. மத்தியானத்துக்குள் அரிசியும் பருப்பும் அந்தத் தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டுச் சரியான பதத்துக்கு வந்து நிற்கும். காலையிலேயே பதமாக இருந்தால் ஒரு மணிக்கு அதைக் கத்தியால் வெட்ட வேண்டியிருக்கும். ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் கூடவே போகும்.

ஸ்லோ குக்கர் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை நேராக அதில் போட்டுச் சூடாக்கக் கூடாது, மிக மெதுவாகச் சூடேறும். அடுப்பில் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, நம் கணக்கில் 74 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து, வெந்நீர் ஊற்றி முன்பே சூடாக்கி வைத்த பாத்திரத்தில் மாற்ற வேண்டும். போய்ச் சேர்ந்ததும் பிளக்கில் மாட்டி 'வார்ம்' வைத்தால் போதும். 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதுதான் கணக்கு. குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன், பரிமாறும் முன் நடுவில் குத்திப் பார்ப்பேன். எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துக்கொள்ளுங்கள், கேஃபடீரியாவில் பிளக் எப்போதும் மேசைக்கு எட்டாத மூலையில்தான் இருக்கும்.

மேலே தூவ வெங்காய வடகத்தைப் பொரித்துத் தனி டப்பாவில் வைப்பேன். அதில் உளுந்தும் பெருங்காயமும் இருக்கும் என்பதால் சோற்றோடு கலப்பதில்லை. நெய்யும் தனி. தொட்டுக்கொள்ள அப்பளம் வேண்டாம், அரை மணியில் நமுத்துவிடும். உருளைக்கிழங்கு சிப்ஸ் எப்படியும் மேசையில் இருக்கும், பிள்ளைகள் அதை நொறுக்கிச் சோற்றின் மேல் போட்டுக்கொள்வார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

பாத்திரத்துக்கு முன்னால் ஓர் அட்டையில் என்னென்ன போட்டிருக்கிறேன் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கிறேன். எண்ணெய் எது என்பதுவரை எழுதுவேன். கோதுமை ஆகாத அந்தப் பிள்ளையின் அம்மா எப்போதும் வீட்டிலிருந்து தனி டப்பா கொண்டு வருவார். கடைசி விழாவில் அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு, "தாளிப்பிலும் பெருங்காயம் இல்லைதானே அண்ணா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வடக டப்பாவை நானே எடுத்து மேசையின் மறுகோடியில் வைத்து, புதுக் கரண்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பையன் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டான், மாங்காய்த் துண்டு இருக்கிற பக்கமாகப் பார்த்து.