சலாசியில் மூன்று அறை, ஒரே பந்தி

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவின் சலாசி மலைப்பள்ளத்தாக்கில் என் மாமியார் வீடு. பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனபின் மூன்று அறைகள் சும்மா கிடந்தன. இந்த மலைகள் 2010இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியவை. பார்க்க வருகிறவர்களோ 'மணப்பெண் முக்காடு' அருவியைப் படமெடுத்துவிட்டு, சாயங்காலமே கடற்கரை ஓட்டலுக்கு இறங்கிவிடுகிறார்கள். ஒரு ராத்திரியாவது அவர்கள் ஊரில் தங்கட்டும் என்று, நானும் கணவரும் அத்தையோடு குடிவந்து விருந்தினர் அறைகளைப் பதிவு செய்தோம்.

முதல் படி மேரி. புதுச்சேரியில் பிறந்த எனக்கு இந்தப் பிரெஞ்சுச் சொல்லை விளக்க வேண்டாம், நகராட்சி அலுவலகம்தான். அனுமதி கேட்க வேண்டியதில்லை, படிவத்தில் அறிவித்தால் ரசீது தருவார்கள். அதிகபட்சம் 5 அறை, 15 பேர். காலைச் சாப்பாடு வாடகையிலேயே அடக்கம்.

அலைய வைத்தது காப்பீடு. வீட்டுக்கு இருப்பதே போதும் என்று ஒரு நிறுவனத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். எழுதிக் கேட்டபோதுதான், காசு கொடுத்துத் தங்குகிறவர்களுக்கு அது செல்லாது என்று பதில் வந்தது. தயவுசெய்து எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். சாப்பாட்டோடு மது பரிமாறத் தனி உரிமம் வேண்டும். அதற்கு 7 மணிநேரப் பயிற்சி, சான்று 10 வருடம் செல்லும்.

அப்புறம் சாப்பாடு. பகலில் வந்து போகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு போடுவதுதான் எங்கள் பெரிய கணக்கு. சட்டம் விடவில்லை: தங்குகிறவர்களுக்கு மட்டும், எல்லோருக்கும் ஒரே சமையல், வீட்டாரோடு ஒரே மேசை. அன்று மனசு உடைந்துவிட்டது. ஆனால் அத்தைக்கு இது புதிதாகவே தெரியவில்லை. விருந்தாளியோடு உட்கார்ந்து சாப்பிடாமல் வேறு எப்படிச் சாப்பிடுவது என்று இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டார். இப்போது இங்கத்து ஆட்டுக்கறிக் குழம்பான ஆட்டு மசாலே அவர் பொறுப்பு. நம் சௌசௌ இங்கே ஷூஷூ. சலாசியில் பந்தல் பந்தலாகக் காய்க்கிறது. காயைப் பொரியலாகவும் கொழுந்தைக் கீரையாகவும் செய்கிறேன். காய் பக்கத்து வீட்டுத் தோட்டத்திலிருந்து, முட்டை எதிர்வீட்டிலிருந்து. வாரா வாரம் கணக்கு முடித்துவிடுகிறோம்.

போன மாதம் மலையேறுகிற எட்டுப் பேர் வந்தார்கள். எங்களிடம் ஆறு பேருக்குத்தான் படுக்கை. பிரிய மனமில்லாமல் எட்டுப் பேருமே கடற்கரைக்கு இறங்கிப் போனார்கள். அதைத் தோட்டத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, மறுநாள் தன் காலி அறையைக் காட்டி, படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை அவரை மேரிக்கு அழைத்துப் போகிறேன்.