அடர்த்தி வேறு, பாகுநிலை வேறு

எண்ணெய் தண்ணீரைவிடக் ‘கெட்டி’. ஆனாலும் தண்ணீர்மேல்தான் மிதக்கிறது. இந்த இடத்தில் எத்தனையோ பேர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். தப்பு அவர்கள்மேல் இல்லை. இரண்டு வேறு குணங்களுக்கும் நாம் ‘கெட்டி’ என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு கன சென்டிமீட்டரில் எவ்வளவு நிறை அடங்கியிருக்கிறது என்பது அடர்த்தி. ஓடும்போது திரவத்தின் அடுக்குகள் ஒன்றையொன்று எவ்வளவு இழுத்துப் பிடிக்கின்றன என்பது பாகுநிலை.

பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி. இரும்பு ஆணிகூட அதில் மிதக்கும். ஆனால் பாகுநிலை தண்ணீரைப்போல சுமார் ஒன்றரை மடங்குதான். கிளிசரின் நேர் எதிர்: அடர்த்தி 1.26 மடங்கு, பாகுநிலையோ அறை வெப்பத்தில் ஆயிரம் மடங்குக்கும் மேல்!

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி செல்சியஸிலிருந்து 100 வரை சூடாக்கினால் அடர்த்தி சுமார் 4 சதவீதம்தான் குறையும். பாகுநிலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

சரி, மிதப்பு? ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான்: பொருள் விலக்கிய திரவத்தின் எடையே அதை மேலே தள்ளும் விசை. அதில் பாகுநிலைக்கு இடமே இல்லை. கிளிசரினுக்குள் ஒரு கண்ணாடிக் கோலியைப் போட்டுப் பாருங்கள். மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் அடிவரை போய்விடும்.