ஆப்பா, ஷீட்டா? எங்கள் வீட்டுக் கணக்கு ஓர் ஒழுங்குக்கு வந்த கதை

2023 மே மாதம் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. உடனே ஆபரேஷன், முன்பணம் ஒன்றே முக்கால் லட்சம் என்றார்கள். எங்களிடம் பணம் இல்லாமல் இல்லை. எனக்கும் வீட்டுக்காரருக்குமாக ஐந்து வங்கிக் கணக்குகள், மூன்று எஃப்.டி. எது எங்கே இருக்கிறது, எது எப்போது முதிர்கிறது என்றுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு பாஸ்வேர்டு மறந்துபோன வங்கி ஆப்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, கடைசியில் கிரெடிட் கார்டில் கட்டினோம். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, ஒரு எஃப்.டி. ஏப்ரலிலேயே முதிர்ந்து, நாங்கள் எதுவும் சொல்லாததால் தானாக இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. இரண்டு லட்சம்.

"சம்பாதிக்கத் தெரியுது, என்ன வச்சிருக்கோம்னு சொல்லத் தெரியலையே" என்றார் வீட்டுக்காரர். அந்த வாரமே ஆரம்பித்தேன். இன்றைய ஏற்பாட்டுக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவுமென்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் போனது ஆப்பிடம்தான். வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்களைப் படித்துத் தானாகவே செலவைப் பிரித்துக்காட்டும் வகை. எதையும் டைப் செய்ய வேண்டாம் என்பதே பெரிய ஈர்ப்பு. முதல் சிக்கல் அன்றைக்கே தெரிந்தது. வீட்டுக்காரருடையது ஐபோன், அதில் ஆப்கள் இப்படி இன்பாக்ஸைப் படிக்க வழியே கிடையாது. ஆக, என் பக்கத்துக் கணக்கு மட்டும்தான்.

ஜூலை முடிவில் என் செலவு 1,32,000 என்று காட்டியது. பதறிப்போய் ஸ்டேட்மெண்ட்டை அச்செடுத்துக் கையால் கூட்டினேன். நிஜச் செலவு 64,000. மீதி 68,000 எங்கிருந்து வந்தது? அவசரத்துக்கு என்று என்னுடைய இன்னொரு கணக்குக்கு மாற்றிய 40,000 ரூபாயைச் செலவாக எழுதியிருந்தது. அடுத்து கார்டு பில். பள்ளி திறக்கும் நேரத்தில் யூனிஃபார்ம், ஷூ, நோட்டுப் புத்தகம் என்று கார்டில் தேய்த்தபோதே ஒவ்வொன்றையும் செலவில் சேர்த்துவிட்டது. பில் தொகை 28,000 கட்டியபோது அதையும் இன்னொரு தடவை சேர்த்துக்கொண்டது.

இதையெல்லாம் கையால் திருத்தலாம், திருத்தினேன். ஆனால் சென்னையில் நாம் பணம் கொடுக்கிற விதம் இருக்கிறதே! நங்கநல்லூரில் பூ வாங்கினால் பூக்காரம்மாவின் மகன் பெயரில் யுபிஐ போகிறது. கீரைக்காரருக்கு அவர் மனைவி பெயரில். ஸ்டேட்மெண்ட்டில் இருப்பதெல்லாம் மனிதப் பெயர்கள். ஆப் அத்தனையையும் 'பிறருக்கு அனுப்பியது' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்தது. தி.நகர் கடையில் மாதாமாதம் ரொக்கமாகக் கட்டுகிற நகைச் சீட்டு, வேலை செய்யும் அக்காவின் சம்பளம், ஆட்டோ, கோயில் எதுவும் அதற்குத் தெரியாது. தானாக நடப்பதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. பாதியைத் தப்பாகவும் மீதியைத் தெரியாமலும் சொல்கிற கணக்கை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். பாரிமுனையில் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ஒரு மொத்தக் கடையில் முப்பது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டார்.

"பில் கட்டினதை எதுக்கும்மா செலவுல எழுதணும்? பொருள் வாங்கின அன்னிக்கே செலவு எழுதியாச்சு. பில் கட்டறது கடனை அடைக்கிறது. உன் கையில இருந்த பணம் குறையுது, கடனும் குறையுது. செலவுங்கற பக்கத்துக்கே அது வராது."

"நகைச் சீட்டு?"

"அது உன் சொத்துல்ல! பெட்டியில இருந்தது கடைக்காரன்கிட்ட இருக்கு."

இந்த இரண்டு பதிலையும் கேட்ட பிறகு எனக்கு வேண்டியது, ஒவ்வொரு தொகையும் எதிலிருந்து போனது, எதற்கு வந்தது என்று இரண்டு பக்கமும் எழுதுகிற பற்று வரவு முறைதான் என்று தெளிவாகிவிட்டது. அதற்கென்றே இலவசமாகக் கிடைப்பது க்னூகேஷ். 1998 முதல் இருக்கும் மென்பொருள், லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளலாம், கணக்கு முழுக்க நம் கோப்பில் இருக்கும், யாருடைய சர்வருக்கும் போகாது. சொத்து, கடன், வரவு, செலவு, மூலதனம் என்று ஐந்து தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் அடுக்கச் சொல்கிறது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "நம்ம பேரேடும் ஐந்தொகையும்தான் இது" என்றார். வங்கி ஸ்டேட்மெண்ட்டின் முடிவு இருப்பைக் கொடுத்து, ஒவ்வொரு வரியாக டிக் செய்து, வித்தியாசம் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று சரிபார்க்கும் வசதி அதில் அருமையாக இருக்கிறது. முதல் தடவை பூஜ்யம் வந்தபோது அப்பாவும் நானும் கைகுலுக்கிக்கொண்டோம்.

மூன்று மாதம் ஓட்டினேன். மென்பொருளில் ஒரு குறையும் இல்லை, எங்கள் வீட்டுக்குத்தான் பொருந்தவில்லை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் கோப்பைத் திறந்து வேலை செய்யலாம், அதுவும் என் லேப்டாப்பில். வீட்டுக்காரர் தன் செலவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏற்றுவேன். நடுவில் பெரியவனுக்கு அரையாண்டுத் தேர்வு, அத்தைக்கு பிசியோதெரபி. மூன்று ஞாயிறு தவறியதும் பாக்கி மலைபோல் சேர்ந்துவிட்டது. கணக்கு ஒருத்தர் தலையில் இருக்கிறவரை, மருத்துவமனை வராந்தாவில் நின்ற அதே நிலைமைதான் திரும்ப வரும் என்று பட்டது.

அப்படித்தான் எக்ஸெல் போலவே இணையத்தில் இயங்கும் கூகுள் ஷீட்ஸுக்கு வந்தேன். இருவர் போனிலும் திறக்கும், யார் எதை மாற்றினார்கள் என்று பழைய பதிப்புகளைப் பார்க்கலாம், வேண்டாமென்றால் எக்ஸெல் கோப்பாக இறக்கிக்கொண்டு போய்விடலாம். கடைசியில் சொன்னது எனக்கு முக்கியம். 2007-ல் தொடங்கி அமெரிக்காவில் வீட்டுக் கணக்குக்குப் பேர்போன மின்ட் செயலியே 2024 மார்ச்சோடு மூடப்பட்டது. வெறும் வரிசையும் பத்தியுமாக இருக்கும் கோப்புக்கு அந்தப் பயம் குறைவு.

அப்பா சொன்னதை அப்படியே ஷீட்டில் இறக்கினேன். 'பதிவு' என்று ஒரு பக்கம். தேதி, தொகை, எதிலிருந்து, எதற்கு, குறிப்பு என ஐந்தே பத்திகள். 'செலவு' என்று தனிப் பத்தி கிடையாது. பூ வாங்கினால் எதிலிருந்து: ரொக்கம், எதற்கு: பூஜை. கார்டு பில் கட்டினால் எதிலிருந்து: சம்பளக் கணக்கு, எதற்கு: கார்டு. நகைச் சீட்டு என்றால் எதிலிருந்து: ரொக்கம், எதற்கு: நகைச் சீட்டு. ஒவ்வொரு கணக்கின் இருப்பும் ஆரம்ப இருப்போடு உள்ளே வந்ததைக் கூட்டி, வெளியே போனதைக் கழித்தால் கிடைத்துவிடும். அதற்கு, குறிப்பிட்ட கணக்கின் வரிகளை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் சூத்திரம் இரண்டு போதும். இரட்டை எண்ணிக்கை என்ற பிரச்சினையே எழவில்லை.

ரொக்கச் செலவுக்கு கூகுள் ஃபார்ம் ஒன்று செய்து இருவர் போனின் முகப்பிலும் வைத்தேன். எவ்வளவு, எதிலிருந்து, எதற்கு. மூன்று கேள்வி, பத்து விநாடி, தேதி தானாக விழும். வங்கி, யுபிஐ பரிவர்த்தனைகளை மாதக் கடைசியில் ஸ்டேட்மெண்ட்டிலிருந்து ஒட்டுவது என்று ஏற்பாடு.

ஒட்டுவதில்தான் அடி விழுந்தது. 2024 ஏப்ரல் ஸ்டேட்மெண்ட்டை ஒட்டிவிட்டுப் பார்த்தால் அந்த மாதச் செலவு வெறும் 2,150 ரூபாய். ஒரு மணி நேரம் சூத்திரத்தையே திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு தேதிப் பத்தியைக் கவனித்தேன். 12-ம் தேதி வரை எல்லாம் செல்லின் வலது ஓரம் ஒட்டியிருந்தன. 13 முதல் எல்லாம் இடது ஓரம். ஷீட் அமெரிக்க முறையில் இருந்ததால் மாதத்தை முதலில் வைத்துப் படித்திருக்கிறது. 03/04 என்பது மார்ச் 4 ஆகிவிட்டது, 12/04 டிசம்பர் 4. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் 13/04-ஐ வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. இரு முறையிலும் ஒன்றாகவே வரும் 04/04 மட்டும்தான் ஏப்ரலில் நின்றது. அன்று செய்த செலவு 2,150!

தயவுசெய்து முதல் வேலையாக ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய், எந்த நாட்டு முறை என்பதைச் சொல்லும் லொகேலை இந்தியாவுக்கு மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே தப்பாக விழுந்த தேதிகள் அதனால் சரியாகாது, அழித்துவிட்டு மறுபடி ஒட்டத்தான் வேண்டும். தொகையோடு 'கிரெடிட்', 'டெபிட்' குறிகள் சேர்ந்து வரும் ஸ்டேட்மெண்ட்டிலும் இதே கதைதான். அது எண்ணாக இல்லாததால் கூட்டலில் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். ஒட்டியதும் முடிவு இருப்பு வங்கி சொல்வதோடு பைசா சுத்தமாகச் சேர்கிறதா என்று பார்க்காமல் நான் இப்போது மூடுவதில்லை. க்னூகேஷ் கற்றுக்கொடுத்த பழக்கம்.

மியூச்சுவல் ஃபண்டுகளை நான் தினமும் பார்ப்பதில்லை. ஃபண்டு நிறுவனங்களுக்காக முதலீட்டாளர் கணக்கைப் பராமரிக்கும் காம்ஸும் கேஃபின்டெக்கும் சேர்ந்து தரும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மெண்ட் மெயிலில் வரும், மாதம் ஒருமுறை மதிப்பை அதிலிருந்து எழுதிக்கொள்கிறேன். மாதத் தவணையாக ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி.யில் போட்டதற்கு எவ்வளவு கிடைத்தது என்று பார்க்க, கட்டிய தேதிகளும் தொகைகளும் கழித்தல் குறியோடு, கடைசியில் இன்றைய மதிப்பு. எக்ஸ்.ஐ.ஆர்.ஆர் சூத்திரம் வருட விகிதத்தைச் சொல்லிவிடும். மொத்த லாபத்தை மொத்த முதலால் வகுத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம், போன மாதம் போட்ட பணமும் ஐந்து வருஷத்துக்கு முன் போட்டதும் ஒன்றாகாது.

எனக்கு அதிகம் பயன்பட்ட பக்கம் 'வருடச் செலவு'. மாதாமாதம் வராததால் நம்மைக் கவிழ்ப்பவை எல்லாம் அதில். சொத்து வரி அரையாண்டுக்கு 2,900 வீதம் 5,800. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில், ஆறு தடவைக்கு 13,200. வண்டி இன்சூரன்ஸ் 9,500. எல்.ஐ.சி. 24,000. பள்ளிக் கட்டணம் 96,000. தீபாவளி, பொங்கல் 40,000. கூட்டினால் 1,88,500, மாதத்துக்கு 15,700 சொச்சம். சம்பளம் வந்த அன்றே அதைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறோம். ஜூன் மாதம் இப்போது சாதாரண மாதம்போல் போகிறது.

ஆகவே ஷீட்தான் எல்லோருக்கும் என்று சொல்ல மாட்டேன். தனியாகக் கணக்கு பார்ப்பவர், ஒழுங்காக உட்காரக்கூடியவர், கடையோ வாடகை வரவோ இருப்பவர் என்றால் க்னூகேஷ் இதைவிட உறுதியானது, இரண்டு பக்கமும் சேராத பதிவைத் தனியாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஷீட்டில் ஒரு வரி அழிந்தால் நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு பேரும் எழுதுவது முக்கியமாக இருந்தது.

கடைசிப் பக்கத்தின் பெயர் 'எங்கே என்ன'. எந்த வங்கி, எந்தக் கிளை, முதிர்வு தேதி, நாமினி யார், பத்திரம் எந்த அலமாரியில். பாஸ்வேர்டு எதுவும் அதில் எழுதவில்லை. வருடம் ஒருமுறை அச்செடுத்து பீரோவில் வைக்கிறோம். போன மார்ச் கடைசியில் அந்தத் தாளை டைனிங் டேபிளில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு மஞ்சள் பையோடு வந்தார்கள். அதில் தபால் ஆபீஸ் பாஸ்புக் இரண்டு.

"என்னுதையும் எழுதிடும்மா. எனக்கு ஏதாவதுன்னா நீங்க தேடக் கூடாது."

பிரித்துப் பார்த்தேன். இரண்டிலும் நாமினி, ஒன்பது வருஷத்துக்கு முன் போய்விட்ட மாமா. அடுத்த நாள் காலையில் அத்தையை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போய், நாமினியை மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட வைத்துக் கொடுத்துவிட்டு வந்தோம். அன்று மாலை ஷீட்டில் அந்த இரண்டு வரிகளையும் வீட்டுக்காரரே சேர்த்தார்.