நல்ல பல்லைத் தேய்க்கக் கொடுத்த கதை

என் இடப்பக்க மேல்வரிசையில் ஒரு சிறுகடைவாய்ப் பல்லின் முனை மொட்டையாக இருக்கிறது. சூத்தையால் அல்ல. ஒரு குறையும் இல்லாத பல்லைத் தேய்க்கச் சொல்லி, வாயைத் திறந்து, காசும் கொடுத்துவிட்டு வந்தேன். இதை எழுதும்போதும் நாக்கு அங்கேதான் தடவிக்கொண்டிருக்கிறது.

அதற்கு நேர் கீழே உள்ள பல்லை அடைப்பித்து மூன்று கிழமை எந்தக் கரைச்சலும் இல்லை. ஒரு நாள் காலையில் பிட்டை மெல்லும்போது இடப்பக்கம் மட்டும் 'டக்' என்று முட்டியது. வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. இரவு ஒழுங்காக மூடிய வாயை யாரோ கழற்றி மாற்றிப் பூட்டிவிட்டதுபோல் இருந்தது. வலக் காதுக்கு முன்னால் ஒரு கடுப்பு வேறு. மாமி அதைக் காதுவலி என்று முடிவுகட்டி, எண்ணெய் சூடாக்கக் கிளம்பிவிட்டார். காதைப் பொத்திக்கொண்டு தப்பினேன்.

அடைத்த தனியார் பல் வைத்தியரிடமே போனேன். பல் முட்டும் இடத்தில் சாயம் ஒட்டும் நீலக் கடதாசியைக் கடிக்கக் கொடுத்தார். இடப்பக்கம் பெரிய புள்ளி விழுந்தது. "அடைப்பு உயரம்" என்று அதைத் தேய்த்துவிட்டார். இதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். புதிய அடைப்பு உயர்ந்து நிற்பது நடக்கக்கூடியதுதான். பத்து நாளில் மறுபடியும் முட்டியபோது மேலே இருந்த நல்ல பல்லில் கைவைத்தாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. காலையில் ஒரு மாதிரியும் பின்னேரம் வேறு மாதிரியும் முட்டுகிறது என்று அப்போதே சொன்னேன். பல் என்ன, காலைக்கும் மாலைக்கும் இடையில் வளர்ந்து குறைகிறதா? அந்த ஒரு சொல்லை அவர் பிடித்திருந்தால் நான் அதற்குப் பிறகு நான்கு தடவை பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

மூன்றாம் தடவை அவரிடம் போய், நிபுணருக்கு ஒரு கடிதம் மட்டும் கேட்டு வாங்கினேன். களுவாஞ்சிக்குடியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் போய் இறங்கினால் கிளினிக் பூட்டிக் கிடக்கிறது. பாடசாலை விடுமுறையைப் பார்த்து நாள் குறித்தேனே தவிர, அது எதற்கான விடுமுறை என்று பார்க்கவில்லை. போயா! பௌர்ணமிக்கான அரச விடுமுறை.

அடுத்த கிழமை லீவு போட்டுப் போனேன். ஒன்றரை மணித்தியாலம் வரிசையில் நின்று சாளரத்தை அடைந்தேன். எழுதுவினைஞர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.

"சீல் எங்கே ரீச்சர்?"

"டொக்டரின் கையெழுத்து இருக்கிறதே."

"கையெழுத்தை நானும்தான் வைப்பேன்."

அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கண் கலங்கி வாசலுக்கு வந்தபோது, தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "ஏன் மகள் திரும்பிப் போகிறீர்கள்? வெளிநோயாளர் பிரிவில் பல் டொக்டர் இருக்கிறார். அவரிடம் காட்டினால் அவரே துண்டு எழுதித் தருவார்" என்றார். இருபது நிமிடத்தில் சீல் குத்திய துண்டோடு அதே சாளரத்தில் நின்றேன். அன்றைய நம்பர் முடிந்திருந்தது. ஆனாலும் மறு கிழமைக்கு நாள் கிடைத்தது. இந்த வழி எழுதுவினைஞருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கடிதத்தோடு போகிறவர்கள் கிளினிக் நாளையும் சீலையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். அதையும் மீறி மறுத்தால், சாளரத்தில் மல்லுக்கட்டாமல் துடைப்பம் வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.

நிபுணர் முதலில் பல்லைப் பார்க்கவே இல்லை. இரண்டு காதுக்கும் முன்னால் விரல்களை வைத்து, "மெதுவாகத் திறவுங்கள்" என்றார். வலப்பக்கம் நெட்டி முறிவதுபோல் ஒரு சத்தம். கண்ணாடியைக் கையில் தந்தார். வாய் திறக்கத் திறக்க என் நாடி வலப்பக்கம் சாய்ந்துகொண்டு போனதை அன்றுதான் கண்டேன். அளவுகோல் வைத்துப் பார்த்தார்: 27 மில்லிமீற்றர். 40 அளவில் திறக்க வேண்டுமாம்.

தாடை மூட்டின் எலும்புக் குமிழுக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. அது முன்பக்கம் நழுவினால் அந்தச் சத்தம் வரும். சத்தம் மட்டும் என்றால் பயப்படத் தேவையில்லை. மூட்டுக்குள் வீக்கம் வந்தாலோ, சுற்றியுள்ள தசை இறுகினாலோ, கீழ்த்தாடை ஒரு நூலளவு இடம் மாறும். அந்தப் பக்கக் கடைவாய்ப் பற்கள் தொடாமல் நிற்க, மறுபக்கம் முந்திக்கொண்டு முட்டும். கோளாறு வலது மூட்டில். தேய்த்ததோ இடப்பக்கப் பல்லை. பிணைச்சல் இளகிய கதவு நிலத்தில் உரசுகிறது என்று கதவின் அடியைச் சீவின மாதிரி. பிணைச்சலை இறுக்கியதும் கதவுக்கு அடியில் இடைவெளி நிற்கும் அல்லவா, அது எனக்கும் காத்திருந்தது.

எக்ஸ்ரேயில் எலும்புத் தேய்மானம் இல்லை. அந்தத் தட்டு எக்ஸ்ரேயில் தெரியாதாம். பல் அச்சு எடுத்து, இரவில் மேல்வரிசையில் மாட்ட ஒரு கண்ணாடிபோன்ற கெட்டி பிளேட் தந்தார்கள். அதைச் சுடுநீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். கச்சான், கணவாய், கொய்யாக்காய் எல்லாம் நின்றன. சூட்டு ஒத்தடம், கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கை.

எல்லாவற்றையும்விடக் கடினமானது வேறொன்று. சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், பல் பல்லைத் தொடக் கூடாது. விடைத்தாள் திருத்தும்போது நான் பல்லை நெரித்துக்கொண்டிருப்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. சிவப்புப் பேனையில் ஒரு துண்டு பிளாஸ்டரைச் சுற்றிவைத்தேன். விரலில் அது படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்த வேண்டும். எட்டாம் வகுப்புக் கட்டுரைகளைத் தாடை தளர்த்தித் திருத்துவது லேசுப்பட்ட காரியம் அல்ல.

மூன்று மாதத்தில் 38 மில்லிமீற்றர். போன கிழமை மறுபடியும் நீலக் கடதாசி வைத்தார்கள். வலப்பக்கக் கடைவாய்ப் பற்களில் அழகாகப் புள்ளி விழுந்தது. இடப்பக்கம் அந்த மொட்டைப் பல்லில் வைத்த கடதாசி, நான் கடித்துக்கொண்டிருக்கும்போதே வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கடி இன்னும் மூன்று மாதம் இப்படியே நின்றால், அந்தப் பல்லை ஒட்டி உயர்த்தலாம் என்றார் நிபுணர்.

துண்டைக் கையில் வாங்கியதும் முதலில் சீலைப் பார்த்தேன். பிறகு நாட்காட்டியை. போயா இல்லை.