சித்தப்பாவின் தொண்டையும் ரேடியோவின் மௌனமும்

நேத்து கார்ப்பரேஷன் கிரவுண்டுல நடந்த பாஸ்கெட்பால் மேட்ச்ல நம்ம தெருப் பசங்க தோத்தது எல்லாருக்கும் தெரியும். தோக்கடிச்சது சித்தப்பாவோட தொண்டைதான்னு பல பேருக்குத் தெரியாது.

நாலு குவார்ட்டரும் சைடுலைன் ஓரம் நின்னு ஒரே மந்திரம்: "கையைத் தூக்குடா!" பெரியவர் சொல்றாரேன்னு பசங்களும் தூக்கினாங்க. தூக்கின கை சும்மா இருக்குமா? பந்தைப் பறிக்க இறங்கும், மணிக்கட்டுல விழும், விசில் ஊதும். ஒரு குவார்ட்டர்ல 5ஆவது டீம் ஃபவுல்ல இருந்து ஒவ்வொண்ணுக்கும் 2 ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காம ரிங்கைப் பார்த்துப் போடுற வாய்ப்பு. எதிர்த்தெருப் பசங்க வேர்க்காமலே பாயிண்ட் சேர்த்தாங்க.

டிஃபென்ஸ் ஆடுறது காலு, சித்தப்பா. தோள் அகலத்துக்கு மேல காலை விரிச்சு, முட்டியை மடக்கி, இடுப்பை இறக்கி நிக்கணும். கண்ணு எதிராளி இடுப்புமேல இருக்கணும். பந்தும் தலையும் ஏமாத்தும். இடுப்பு திரும்பாம எவனும் போக முடியாது. அவன் நகர்ற பக்கத்துக் காலைத்தான் முதல்ல எடுத்து வைக்கணும். காலுக்குக் குறுக்கே கால் போட்டா, அவன் திசை மாத்தின நிமிஷமே நாம அவுட். ஷூட்டரை நோக்கி ஓடுறப்போ கடைசி நாலடி குட்டிக் குட்டியா மிதிச்சு வேகத்தைக் குறைச்சு, அப்புறம் ஒரு கையைத் தூக்கலாம். நேத்து ஒருத்தன் பாய்ஞ்சே போனான். ஷூட்டர் பந்தைச் சும்மா தூக்கிக் காட்டினான். நம்மாளு சுண்டல் வண்டிகிட்ட போய் இறங்கினான்.

அதையாவது மன்னிக்கலாம். நம்ம டீம்ல ரேடியோன்னு பட்டப்பேர் வாங்கினவனை எப்படி மன்னிக்கிறது? டீக்கடையில உலக அரசியல் பேசி ஓனரையே வெளியில துரத்துறவன், கோர்ட்டுல மௌன விரதம். பந்துக்காரனை மறிக்கிறவனுக்கு முதுகுக்குப் பின்னாடி ஸ்க்ரீன், அதாவது அவன் வழியை அடைச்சு நிக்க இன்னொரு எதிராளி, வர்றது தெரியாது. ஸ்க்ரீன் போட வர்றவனைக் காக்கிறவன்தான் "ஸ்க்ரீன் லெஃப்ட்"னு முன்கூட்டியே கத்தணும், ஆளை மாத்திக்கணும்னா "ஸ்விட்ச்"னும் சொல்லணும். ரேடியோ பார்த்துகிட்டே நின்னான். நம்ம குட்டிப் பையன் முழு வேகத்துல மோதி உட்கார்ந்துட்டான். பந்துக்காரன் நேரா ரிங்குக்கு நடந்து போனான்.

அங்கயாவது யாராச்சும் இருந்தாங்களா? எதிர்ப்பக்கம் ரெண்டு பாஸ் தள்ளி நிக்கிறவனைக் காக்கிறவன், ரிங்குக்கு முன்னாடி இருக்கிற பெயிண்டுங்கிற கட்டத்துக்குள்ள ஒரு காலாவது வெச்சு, பந்தும் தன் ஆளும் ஒருசேரக் கண்ணுல படுற மாதிரி நிக்கணும். நம்மாளு கல்யாண மண்டபத்துல நகைப்பையைக் காக்கிற அத்தை மாதிரி தன் ஆளை ஒட்டிகிட்டே நின்னான்.

ஆட்டம் முடிஞ்சதும் சித்தப்பா தீர்ப்பு சொல்லிட்டார்: அடுத்த வாரம் 2-3 சோன், அதாவது முன்னாடி ரெண்டு பேர், பின்னாடி மூணு பேர் நின்னு ஆளைக் காக்காம இடத்தைக் காக்கிறது. அமெரிக்காவுல சிராக்யூஸ் யுனிவர்சிட்டி அதை ஆடித்தான் 2003ல காலேஜ் சாம்பியன் ஆச்சாம். உண்மைதான். அங்க கோச் ஜிம் பேஹைம் நெட்டைக் கைக்காரங்களாப் பார்த்து நிறுத்தினார். நம்மகிட்ட இருக்கிற உயரத்துக்கு ரெண்டு கார்னரும் ஃப்ரீ த்ரோ கோட்டு நடுவும் திறந்தே கிடக்கும். ஷாட் போனதும் யார் யாரை முதுகால தடுக்கணும்னு தெரியாம, ரிங்குல பட்டுத் திரும்புற பந்தும் (ரீபவுண்ட்) போகும்.

அதோட, சோன்ல வாய்தான் முக்கியம். பின்வரிசை நடுவுல நிக்கிறவனுக்கு மொத்த கோர்ட்டும் தெரியும். எதிராளி யார் எங்க வெட்டி உள்ள ஓடுறான்னு அவன்தான் ஓயாம கத்தணும்.

அந்த இடத்துக்கு சித்தப்பா ரேடியோவைப் போட்டிருக்கார்.