வெயிலூரில் ஒரு வீட்டு சர்வீஸ்

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டு முன்வாசல் சிமென்ட் தரை. ஒரு கார் நிற்கும், அதைச் சுற்றி ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். அந்த இடத்தில்தான் போன ஏப்ரலில் என் 2012 மாடல் வேகன் ஆருக்குப் பெரிய சர்வீஸை நானே செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும் என்று இறங்கினேன், மூன்று ஆனது. வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? ஏப்ரலில் காலை ஒன்பதரைக்கு மேல் பானெட்டில் கை வைக்க முடியாது. ஐந்தரைக்கே ஆரம்பித்து, வெயில் ஏறியதும் மூட்டை கட்டிவிடுவேன்.

சர்வீஸ் சென்டரில் போட்டுத் தந்த எஸ்டிமேட் 14,600 ரூபாய். இன்ஜின் ஆயில், பில்டர்கள், மூன்று பிளக், முன் பிரேக் பேட், பின் பிரேக் ஷூ, பிரேக் ஆயில், கூலன்ட் இவையெல்லாம் நியாயம்தான். அதோடு ஏசிக்கு வாசனை மருந்து, இன்ஜினுக்கு மேல்பூச்சு என்று நான் கேட்காத நான்கைந்து வரிகளும் இருந்தன. வண்டிக்கு வாரன்டி முடிந்து பல வருடம் ஆகிறது. வாரன்டி ஓடிக்கொண்டிருந்தால் நானும் தொட்டிருக்க மாட்டேன்.

ஸ்பேர்ஸ் கடையில் முதல் கேள்வியே, "கம்பெனி வேணுமா சார், வெளி வேணுமா?"

"வெளின்னா டூப்ளிகேட்டா?"

"ஐயோ, அது வேற சார். வெளின்னா அதே ஐட்டம், பெட்டிதான் வேற."

முழு உண்மை இல்லை, ஆனால் பாதிக்கு மேல் உண்மை. கார் கம்பெனிக்காரர்கள் பிளக்கையும் பில்டரையும் பிரேக் பேடையும் தாங்களே செய்வதில்லை. பாஷ், என்ஜிகே, பியூரோலேட்டர், ரானே மாதிரி உதிரிபாகக் கம்பெனிகள் கார் தொழிற்சாலைகளுக்கும் கொடுக்கின்றன, தங்கள் பெயரில் கடைக்கும் அனுப்புகின்றன. நம் பழைய வடாற்காட்டுக்குள்ளேயே, சோளிங்கரில், பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பட ஆலை இருக்கிறது. மலைக் கோயிலுக்குப் போகும்போது பார்த்திருப்பீர்கள். இந்த மாதிரிப் பெயர் போட்டு வருவது ஒரு ரகம். பெயரே கேள்விப்படாத பெட்டியில் வருவது இன்னொரு ரகம். கார் கம்பெனியின் பெட்டியையே அச்சடித்து உள்ளே எதையோ போட்டு விற்பது மூன்றாவது. நான் ஏமாந்தது இந்த மூன்றாவதில்.

வேறொரு கடையில், எந்தக் கடை என்பது வேண்டாம், ஆயில் பில்டரை மட்டும் "கம்பெனி ஒரிஜினல்" என்று வாங்கினேன். இன்ஜினின் இருதயம் ஆயிற்றே, அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்று நினைப்பு. வழக்கத்தைவிட விலை குறைவாக இருந்ததைக் கவனித்தேன். கவனித்தும் வாங்கினேன்.

முதல் ஞாயிறு ஆயில் மாற்றியது சுலபம். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆயில் வெதுவெதுப்பானதும் அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் தானாக இறங்குகிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. கீழே ஸ்டாண்டு வைத்துத்தான் போனேன். ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது பாரம் தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். பில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையாலேயே இறுக்கினேன். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். மூன்று லிட்டர் சொச்சம் ஆயில். பிளக் மூன்றும் அன்றே மாற்றினேன், ஆயில் ஊற்றுவதற்கு முன்னால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு. சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்பதால் முதல் சில சுற்றுகளைக் கையால்தான் சுற்ற வேண்டும். ஸ்பேனரை அவசரமாகப் போட்டால் மரை போய்விடும்.

நான்காம் நாள் காலை. சாவியைத் திருப்பியதும் இன்ஜினிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம், இரண்டு மூன்று விநாடி, அப்புறம் அமைதி. மறுநாளும் அதே. பகலில் எத்தனை முறை ஸ்டார்ட் செய்தாலும் வரவில்லை, ராத்திரி முழுக்க நின்றால்தான் வருகிறது. அங்கேதான் பொறி தட்டியது. பில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு. இன்ஜின் நின்றதும் உள்ளே இருக்கும் ஆயில் வடிந்து இறங்காமல் அது பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் காலையில் பில்டர் நிரம்பி அழுத்தம் ஏறும்வரை இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினுக்குப் போதிய ஆயில் கிடைக்காது, அதுதான் அந்தக் கரகரப்பு.

கழற்றி, ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பர் தகடு விறைத்து அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. ஸ்க்ரூடிரைவர் முனையால் அமுக்கினால் அமுங்கிவிட்டுத் திரும்பி வரவில்லை. முதல் கடைக்கே போய், ஒரு பில்டர் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வந்ததை வாங்கிப் போட்டேன். சத்தம் அதோடு போயிற்று. ஒரிஜினல் பெட்டி ஏமாற்றியது, வெளி பார்ட்ஸ் காப்பாற்றியது.

ஆனால் எல்லா வெளி பார்ட்ஸும் யோக்கியம் என்று இல்லை. பெயர் தெரியாத ஏர் பில்டர் ஒன்றை விலைக்காக வாங்கி, வண்டியில் அது உட்காரும் கூட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு மூலையில் விரல் நகம் போகிற இடைவெளி. அந்த வழியாக மண் போவதற்கு பில்டர் எதற்கு? அன்றே திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாம் ஞாயிறு பிரேக். பேட் நல்ல பெயருள்ள கம்பெனிதான். பழைய பேடைக் கழற்றி, பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து கொஞ்சத்தைச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துவிட்டு, சி கிளாம்ப் போட்டு, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளினேன். உறிஞ்சாமல் தள்ளினால் பொங்கி வெளியே வழியும், பெயின்ட்டைத் தின்றுவிடும். புதுப் பேடை வைத்தால், இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காது இரண்டும் அதைத் தாங்கும் பிராக்கெட்டில் நுழைய மறுத்தன. சுத்தியலால் தட்டினால் நுழைந்திருக்கும். அப்படி நுழைந்த பேட் திரும்பி வராது, டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். காதில் பெயின்ட் தடிப்பாக இருந்தது. எமரி தாளால் பெயின்ட்டை மட்டும் தேய்த்தேன், வைத்துப் பார்த்தேன், மறுபடி தேய்த்தேன். ஒரே விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்கு வர, ஒரு பேடுக்குக் கால்மணி நேரம்.

மாட்டி முடித்த பெருமையில் வண்டியைப் பின்னால் எடுத்தேன். பிரேக்கை மிதித்தால் பெடல் தரையோடு போகிறது! கை பிரேக்கை இழுத்து நிறுத்தினேன், கேட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு ஜாண். பிஸ்டனைத் தள்ளிய பிறகு, வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து தடவை மிதிக்க வேண்டும். தெரியும். மறந்துவிட்டேன்.

பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது ஆயிலே இல்லை. நிஜ ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். டாட் 3 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலை இறங்கும்போது அதில் குமிழி வந்தால் பெடலில் ஒன்றும் இருக்காது. என் வண்டியில் இருந்தது டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அதை வெளியேற்றிப் புதியதை ஏற்ற, பையன் பெடலில், நான் இடது பின் சக்கரத்தில்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்பா."

"பிடி. நான் சொல்றவரைக்கும் விடாதே."

பழைய திரவம் வெளியேறும் நிப்பிளை நான் மூடுவதற்குள் பெடலை விட்டுவிட்டான், காற்று உள்ளே போய்விட்டது. முதலிலிருந்து. உள்ளேயிருந்து மனைவி, "ஏங்க, காலைலேர்ந்து அமுக்கு, விடுன்னு தெருவே கேக்குது. அந்தப் பையன் சாப்பிட வேணாமா?" நான்கு சக்கரமும் முடிக்கும்போது மணி பத்தரை. பையன் இட்லிக்கு ஓடிவிட்டான்.

பின் டிரம்மை நான் தொடவில்லை. சத்துவாச்சாரி பக்கம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டபோதே, "டிரம்ல மட்டும் கை வைக்காதீங்க சார். இழுக்கற டூலு உங்ககிட்ட இல்ல, ஸ்பிரிங் கண்ணுல அடிக்கும்" என்றார். ஷூவை வாங்கி அவரிடமே கொடுத்தேன். 700 ரூபாய் கூலி. பழைய இன்ஜின் ஆயிலையும் கேனோடு அவரே வாங்கிக்கொண்டார். சென்டரிங் பலகைக்குத் தடவக் கட்டட வேலைக்காரர்கள் வாங்கிப் போவார்களாம். சாக்கடையில் கொட்டுவதற்கு எனக்கு மனசு வராது. தோல் கழிவால் பாலாறு பட்டது போதும்.

கணக்கு: பார்ட்ஸும் ஆயிலும் 6,300. கூலி 700. ஸ்டாண்டு, சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் எல்லாம் சேர்த்து 4,800. ஆக, எஸ்டிமேட்டின் 14,600 ரூபாயோடு பார்த்தால் முதல் வருடம் மிச்சம் 2,800 ரூபாய். மூன்று ஞாயிறு தூக்கத்துக்கு விலை போட்டால் நஷ்டம்தான்.

மூன்றாம் ஞாயிறு கூலன்ட் மட்டும் பாக்கி, எட்டு மணிக்குள் முடிந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை ஏலகிரிக்குப் போனோம். 14 கொண்டை ஊசி வளைவு, புலவர்கள் ஏழு பேர், வள்ளல்கள் ஏழு பேர் என்று பெயர். இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக்கை அவ்வப்போதுதான் தொட்டேன். அடிவாரத்தில் பொன்னேரியில் நிறுத்தி, சக்கரங்களுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வலதைவிட இடது முன் சக்கரத்தில் அனல் அதிகம். வீட்டுக்கு வந்து கழற்றினால், பேடை அழுத்தும் காலிபர் நகர்வதற்கான கைடு பின் ஒன்று வறண்டு இறுகிக் கிடந்தது. பேடைத் தேய்த்த அக்கறையில் அந்தப் பின்னை வெளியே இழுத்துப் பார்க்கவே இல்லை. துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் போட்டு மாட்டினேன். மறுபடி ஆற்காடு வரை போய் வந்து கையைக் காட்டிப் பார்த்தேன். இப்போது இரண்டு பக்கமும் ஒரே சூடு.